கரண்ட் போயி வந்ததும் ஜிசிசி நின்னுபோச்சு

கேள்வி: லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் (எல்எஃப்எஸ்) புத்தகம் பாத்து சோர்ஸ்ல இருந்தே சிஸ்டம் கட்டுறேன் சார், பைனுட்டில்ஸ் (அசெம்ப்ளர், லிங்கர் டூல்ஸ்) நல்லா முடிஞ்சுது, சாரல்ல கரண்ட் போயி மறுபடி ஆன் பண்ணதுல இருந்து ஜிசிசி கம்பைலரோட 'மேக் இன்ஸ்டால்' கமாண்ட்ல 'ஸ்லாஷ் டூல்ஸ், பெர்மிஷன் டினைடு'ன்னு நிக்குது. ரூட்டா (எல்லா அனுமதியும் உள்ள அட்மின் யூசரா) ஓட்டிரலாமா?
- வாசகர், புளியரை

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி! அந்த டினைடுதான் இப்போ உங்க மெஷினை காப்பாத்திட்டு இருக்கு, ரூட்டா ஓட்டுனா இப்போ ஓடுற சிஸ்டத்துலயே போயி எழுதிரும். புது டெர்மினல வழக்கமான யூசர்லயே தொறந்திருப்பீங்க, அங்க எல்எஃப்எஸ்ங்கற வேரியபிள் (புது சிஸ்டம் கட்டுற இடத்தோட பாத்) காலி, அதான் 'டாலர் எல்எஃப்எஸ் ஸ்லாஷ் டூல்ஸ்'னு நீங்க குடுத்தது வெறும் 'ஸ்லாஷ் டூல்ஸ்' ஆயிருச்சு. 'எக்கோ டாலர் எல்எஃப்எஸ்' போட்டு பாருங்க, வெத்து வரி வந்தா இதேதான்.

எல்எஃப்எஸ் யூசருக்கு மாறும்போது யூசர் மாத்துற 'எஸ்யூ' கமாண்டுக்கு அப்புறம் அந்த சின்ன கோடு கண்டிப்பா போடுங்க, அது இருந்தாதான் பேஷ் ப்ரொஃபைல் (பேஷ் ஷெல் லாகின்ல படிக்கிற ஃபைல்) ஓடி, அதுல உள்ள 'என்வ் மைனஸ் ஐ' கமாண்ட் பழைய வேரியபிள் எல்லாத்தையும் தொடச்சு எடுக்கும், இல்லன்னா ஹோஸ்ட்ல (இப்போ ஓடுற சிஸ்டத்துல) எப்பவோ வச்ச சிஃப்ளாக்ஸ்ங்கற கம்பைலர் ஆப்ஷன்கூட கூடவே வந்து ஒட்டிக்கும். பழைய பில்ட் ஃபோல்டர அழிச்சிட்டு கான்ஃபிகர்ல இருந்தே ஆரம்பிங்க, தப்பான பாத் உள்ள பதிஞ்சு போயிருக்கும்.

உபுண்டுன்னா இன்னொண்ணு, 2006ல வந்த 6.10ல இருந்தே அதுல எஸ்ஹெச்ங்கற ஷெல் லிங்க் போறது டேஷ்ங்கற வேற ஷெல்லுக்கு, பேஷுக்கு இல்ல. எல்எஃப்எஸ்ஸுக்கு பேஷ்தான் வேணும், அந்த லிங்க்கையும் பாத்துக்கோங்க.