துவளும் மிளகாய்க்கு எந்த ஹார்மோன்?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் 40 சென்ட் செம்மண்ணில் மிளகாய், நட்டு 60 நாள். கிணறு அரை மணி நேரம்தான் இறைக்கிறது. மதியத்தில் செடி துவள்கிறது, பூ கொட்டுகிறது. கடைக்காரர் கொடுத்த ‘பூ டானிக்’ இரண்டு முறை அடித்தேன். இலை ஓரம் கருகியதுதான் மிச்சம். வேறு எந்த ஹார்மோன் அடிக்கலாம்?

பதில்: பூ கொட்டுவதைக் குறைக்கும் என்.ஏ.ஏ. என்ற ஹார்மோனை 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில் அடிக்கலாம். கடையில் விற்கும் 4.5 சதவீத மருந்தில் 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி.; 10 லிட்டர் டேங்குக்கு 2.2 மி.லி. மூடியால் அளக்காமல் சிரிஞ்சில் எடுங்கள். அளவு கூடினால் அதே மருந்து பூவை உதிர்க்கும். இப்போது ஒன்று, 90-ஆம் நாள் ஒன்று, அவ்வளவுதான்.

அதற்குமுன் விடியற்காலையில் செடியைப் பாருங்கள். மதியம் துவண்டது இரவில் நிமிர்ந்திருந்தால் சரி. விடியும்போதும் தலை தொங்கினால் எதையும் அடிக்காதீர்கள்: இலைத்துளைகள் மூடியிருக்கும், மருந்து உள்ளே போகாமல் இலைமேலேயே காய்ந்து கருக்கும். இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது இலைப்பேன், வேறு வைத்தியம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்த அரை மணித் தண்ணீரை மண்ணில் எப்படி நிறுத்துவது என்று. உங்கள் பக்கம் ஒரு முழம் தோண்டினால் சரளை. வேர் மேலாகவே ஓடும், வெயிலில் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். மண்ணை வைக்கோலால் மூடும் மூடாக்கு போடாமல் ஹார்மோனுக்குச் செலவழிப்பது ஓட்டைக் குடத்துக்குப் பாலிஷ் போடுகிற வேலை. 40 சென்ட்டுக்கு 800 கிலோ வைக்கோல் வேண்டும். தண்ணீர் பாய்ச்சி, மறுநாள் ஈரத்தின்மேல் பரப்புங்கள். காய்ந்த மண்ணில் போட்டால் அடுத்த தூறலை வைக்கோலே குடித்துவிடும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் கழுத்து அழுகும். செம்மண்ணில் கரையான் வரும், வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சும்மா கிடைக்கிறதென்று தைலமரச் சருகைக் கொண்டுவராதீர்கள். அதன் சாறு இளவேரை ஒடுக்கும். மக்காத தென்னைநார்க் கழிவும் வேண்டாம், தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீரை ஒரு சால் (செடி வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளம்) விட்டு ஒரு சாலில் பாய்ச்சுங்கள், அடுத்த முறை விட்ட சாலில்.

மூடாக்கு போட்டபின், செடி வறட்சியைத் தாங்க உதவும் பி.பி.எஃப்.எம். என்ற நுண்ணுயிர்த் திரவம் லிட்டருக்கு 10 மி.லி., சாயங்காலம் அடிக்கலாம். அது உயிருள்ள பாக்டீரியா. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. பூச்சி, பூஞ்சாண மருந்துகளோடு கலக்கவும் கூடாது, முன்னும் பின்னும் 7 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். வெயிலில் அடுக்கிவைத்த பாட்டிலை வாங்காதீர்கள்.

அந்த டானிக் பாட்டிலில் என்ன சத்து, எத்தனை சதவீதம் என்று அச்சாகியிருக்கிறதா? 2021-லேயே பயிர் ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சேர்மானம் போடாத பாட்டிலை ‘நம்ம சரக்கு, நம்பி அடிங்க’ என்று நீட்டுகிறவர் விற்பது அவருடைய லாபத்தைத்தான். பில் கேளுங்கள், தயங்கினால் கடையை மாற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பரிசோதியுங்கள். ஓரக் கருகலுக்கு அதிலும் பங்கு இருக்கலாம்.