வேர்ட்பிரஸும் ஒரு கணக்கரும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு மணலியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கடலரிப்பு, பேருந்து, குடிநீர் என்று எங்கள் பகுதியின் செய்திகளை எழுதும் ஓர் இணையதளத்தை, இரண்டு தோழிகளுடன் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக, இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடத்துகிறேன். காசு கொடுக்காமல் கிடைத்த மென்பொருளுக்கு ஏதேனும் திருப்பிச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆங்கிலம் படிப்பேன், பேசத் தயங்குவேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா, "கம்பெனிக்காரன் சம்பாதிக்க நீ எதுக்குக் கூலி இல்லாம உழைக்கிற?" என்கிறார். வேர்ட்பிரஸை உருவாக்கும் சமூகத்தில் பெரிய சண்டை நடப்பதாகவும் கேள்விப்பட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பின்குறிப்பு: தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி பாதியில் அறுந்துவிடுகிறது. "திருவொற்றியூர் கடலரிப்பு: மீனவர்கள் சொல்வது" என்ற கட்டுரையின் முகவரி "திருவொற்றியூர்-கடலரிப்ப" என்று நிற்கிறது. இது எங்கள் தவறா?

ச.

*

அன்புள்ள ச.,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் தேடும் வாசல் அங்கேதான் இருக்கிறது.

தவறு உங்களுடையது அன்று. இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்துகள் அப்படியே செல்வதில்லை. கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளாகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 இடங்களை அடைத்துக்கொள்கிறது. ஆக, ஒரு குறிக்கு 9 இடம். முகவரியின் இந்தத் துண்டுக்கு வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் ஒதுக்கியிருப்பதோ 200 இடம். "திருவொற்றியூர்" என்ற சொல்லில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணினால் 14 குறிகள் வரும் (ஒகரத்தின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி), அதாவது 126 இடங்கள். இடைக்கோட்டுக்கு ஒன்று. மிஞ்சிய 73 இடங்களில் 8 குறிகள்தாம் அடங்கும். "கடலரிப்பு" என்பதற்கு 9 வேண்டும். அதனால்தான் கடைசி உகரம் கழன்று விழுந்தது. மீனவர்கள் உள்ளே வரவே இல்லை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 200 எழுத்து கிடைக்கும் இடத்தில் நமக்குக் கிடைப்பது 22 குறிகள். இப்போதைக்கு, வெளியிடுவதற்கு முன்பே முகவரிப் பெட்டியில் சுருக்கமான ஒரு சொல்லை நீங்களே இட்டுவிடுங்கள்.

நீங்கள் எனக்கு எழுதிய அந்த மூன்று வரிகளையே, எந்தப் பதிப்பில், எந்தத் தலைப்பை இட்டபோது, என்ன வரவேண்டிய இடத்தில் என்ன வந்தது என்று வரிசைப்படுத்தி எழுதினால், அது ஒரு பிழை அறிக்கை. வேர்ட்பிரஸின் அடிப்படையான மையநிரலின் பிழைகள் 'டிராக்' என்ற இணைய ஏட்டில் பதிவாகின்றன. எவரும் கணக்குத் தொடங்கி எழுதலாம். எழுதுவதற்கு முன் அதே குறையை வேறொருவர் முன்பே பதிந்திருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பதும், பதிந்திருந்தால் புதிதாக ஒன்றைத் திறக்காமல் அதிலேயே தமிழ் எடுத்துக்காட்டைச் சேர்ப்பதும் அங்குள்ள மரியாதை. நிரல் எழுதுபவர்களில் பலர் இந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்கிறார்கள். "வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றாத கண் உங்களுக்குப் பழக்கத்தாலேயே இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு அங்கே பஞ்சம் உண்டு.

ஆங்கிலத்தைப் பற்றிய தயக்கத்துக்கும் பெரிய தேவையில்லை. அந்தச் சமூகத்தின் கூட்டங்கள் பெரும்பாலும் 'ஸ்லாக்' என்ற அரட்டைச் செயலியில், தட்டச்சில் நடப்பவை. யாரும் உங்கள் உச்சரிப்பைக் கேட்கப் போவதில்லை. பங்கேற்பவர்களில் ஏராளமானோருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான் என்பதால், எளிய சிறிய வாக்கியங்களையே எல்லோரும் விரும்புகிறார்கள்.

உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மொழிபெயர்ப்பு. வேர்ட்பிரஸின் திரையில் தெரியும் ஒவ்வொரு சொற்றொடரும் 'குளோட்பிரஸ்' என்ற கருவியில் ஒரு வரியாக வைக்கப்பட்டிருக்கும். எதிரே நீங்கள் தமிழை இடலாம். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. நீங்கள் இடுவது உடனே வெளியாகிவிடாது. அந்த மொழிக்கான தொகுப்பாசிரியர் ஒருவர் பார்த்து ஏற்கும்வரை காத்திருப்பில் நிற்கும்.

என் முதல் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளாகத் தமிழில் எழுதுகிறவன் என்ற மிதப்பில் ஓர் இரவு அறுபது வரிகளை மொழிபெயர்த்துவிட்டுத் தூங்கினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. அனுப்பியவர் என் வயதில் பாதிகூட இருக்கமாட்டார். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஆறிய மனத்தோடு பார்த்தபோது, அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் மென்பொருள் ஓர் இடம்பிடிக் குறியை வைத்திருக்கும். நான் அதன் வாலில் "ஆல்" என்ற வேற்றுமை உருபை ஒட்டியிருந்தேன். குறி போய்ப் பெயர் வந்து அமர்ந்ததும் "செந்தில்ஆல்" என்றும் "மேகலாஆல்" என்றும் திரையில் விழுந்தது. நம் மொழியில் உருபு பெயரோடு புணரும். எந்திரத்துக்குப் புணர்ச்சி தெரியாது. ஆகவே "எழுதியவர்:" என்று முன்னால் போட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அல்லது "என்பவர்" என்ற ஒரு சுமைதாங்கியை இடையில் நட்டு அதன்மேல் உருபை ஏற்ற வேண்டும். இது எந்த இலக்கண நூலும் எனக்குச் சொல்லித்தராத பாடம். ஒரே வரியில் இரண்டு குறிகள் வந்தால் அவை 1, 2 என்று எண்ணிடப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் ஆள் முதலிலும் பதிவு பின்னாலும் வரும். தமிழில் "இன்ன பதிவில் இன்னார்" என்று திருப்பிப் போட அந்த எண்கள் இடம் தருகின்றன. இதைக் கவனிக்காத மொழிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் தமிழாக இராது.

எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். முகப்புப் பக்கத்தைக் குறிக்கும் சொல் "வீடு" என்றும், சேமிக்கச் சொல்லும் பொத்தான் "காப்பாற்று" என்றும் வந்து நிற்கும்; படித்துப் பார்க்காமல் மொத்தமாக ஒட்டப்படுவதைத் தொகுப்பாசிரியர்கள் ஏற்பதுமில்லை. உள்ளே நுழைந்ததும் மேல் வலது மூலையில் ஆங்கிலத்தில் "ஹவுடி" என்று உங்களை வரவேற்கும் சொல், டெக்சஸ் நாட்டுப்புறத்தின் குசல விசாரிப்பு. அதற்கு நிகராக எங்கள் பெரம்பூரில் உள்ளது "இன்னா தலைவா" என்பதுதான். ஆனால் மதுரைக்காரரும் கோவைக்காரரும் வாசிக்கும் திரையில் "வணக்கம்" என்பதோடு நின்றுகொள்வதே முறை. கணக்கர்களுக்குப் பிடித்த பன்மைச் சிக்கலும் உண்டு. ஒன்றுக்கு ஒரு வடிவமும் பலவற்றுக்கு ஒரு வடிவமுமாக இரண்டு பெட்டிகள் தருவார்கள். இரண்டாவது பெட்டியில் "கருத்துகள்" என்று இடுவதா, "கருத்துக்கள்" என்று இடுவதா என்ற போரில் தயவுசெய்து முதல் வாரமே இறங்காதீர்கள்.

மொழிபெயர்ப்பு சலித்தால், இன்னொரு எளிய வழி இருக்கிறது. வேர்ட்பிரஸ் 2021 டிசம்பரில் ஒரு புகைப்படக் களஞ்சியத்தைத் திறந்தது. காசிமேட்டு விசைப்படகுகளையோ, 1856இல் எழுந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களையோ கைப்பேசியில் எடுத்து அங்கே கொடுக்கலாம். முகம் தெரியும் ஆட்கள் படத்தில் இருக்கக் கூடாது. இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கொடுங்கள்: அந்தப் படங்களை உலகில் எவரும் உங்கள் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் பயன்படுத்தலாம். அது மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய மண்ணில் இருந்துகொண்டு, கூலியைப் பற்றிய கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கம்பெனிகள் சம்பாதிக்கின்றன என்பது உண்மை. உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன; அவற்றுக்கு இடம் வாடகைக்கு விடுபவர்களும் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் விற்பவர்களும் கூடுதல் வசதி தரும் செருகுநிரல் விற்பவர்களும் நன்றாகவே பிழைக்கிறார்கள். அந்த நிறுவனங்கள் தம் வளத்தில் 5 விழுக்காட்டைத் திட்டத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்ற வேண்டுகோள் 2014இல் எழுந்தது. அதன்படி சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாக மையநிரலில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டுகோள் வேண்டுகோள்தான், சட்டமில்லை.

ஆனால் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் தரும் உழைப்பு எந்தக் கம்பெனியின் பூட்டுக்குள்ளும் போகாது. வேர்ட்பிரஸ் ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் வெளிவருகிறது. அதைப் பெற்ற எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை விநியோகிக்கவும் செய்யலாம், ஆனால் விநியோகிக்கும்போது அதே உரிமைகளை அடுத்தவருக்கும் கொடுத்தாக வேண்டும். நீங்கள் தமிழாக்கிய ஒரு வரி, விற்பவருக்குப் பயன்படும் அதே அளவுக்கு எண்ணூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கும் பயன்படும். நான் எனக்கென்று வைத்திருக்கும் எல்லைகள் இரண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. மையநிரலையும் நானே பயன்படுத்தும் செருகுநிரல்களையும் மட்டுமே மொழிபெயர்க்கிறேன். இலவசப் பதிப்பைத் தூண்டிலாகக் காட்டிக் கட்டணப் பதிப்பை விற்பவர்கள் மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுத்தே செய்துகொள்ளட்டும். இதைக் குறுகிய மனம் என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் மாற்றிக்கொள்ளவில்லை.

சண்டையும் நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. 2024 செப்டம்பரில், திட்டத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மாட் முல்லன்வெக், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்தை வெளிப்படையாகத் தாக்கிப் பேசினார். வணிகப் பெயரும் பங்களிப்பும் பற்றிய அந்தத் தகராறு அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றம் ஏறியது. அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லை என்று ஒரு பெட்டியில் குறியிட்டால்தான் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் உள்நுழைய முடியும் என்ற நிலைகூடச் சில காலம் இருந்தது. நீண்ட காலம் உழைத்தவர்கள் சிலர் மனம் கசந்து விலகினார்கள். இவ்வளவு பெரிய பொதுச்சொத்தின் சாவி ஒருவர் கையில் குவிந்திருப்பது சரியில்லை என்பதே என் எண்ணம். வேர்ட்பிரஸ் பிறந்ததே அப்படி ஒரு கைவிடப்பட்ட வீட்டிலிருந்துதான் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதியவர் காணாமற்போன நிலையில், 2003 ஜனவரியில், ஹூஸ்டனில் இருந்த 19 வயது முல்லன்வெக், அதைப் பிரித்தெடுத்துத் தொடரலாமா என்று எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் நானும் வருகிறேன் என்றார். அவ்வளவுதான், அந்த ஆண்டு மே 27 அன்று முதல் பதிப்பு வந்தது. பி2வும் ஜி.பி.எல்.லில் இருந்ததால் அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நாளை வேர்ட்பிரஸுக்கே அந்த நிலை வந்தாலும் உங்கள் தமிழ் வரிகளை எடுத்துக்கொண்டு வேறொருவர் நடக்கலாம். 2018இல், பதிவுகளை எழுதும் புதிய தொகுப்பி பிடிக்காதவர்கள் கிளாசிக்பிரஸ் என்று பிரிந்து போனதும் இதே வழியில்தான்.

கடைசியாக ஒரு குறை, சமூகத்தின் மேல் அல்ல, நம் நகரத்தின் மேல். கணினி சார்ந்த சந்திப்புகளைப் பழைய மகாபலிபுரம் சாலையில் வைத்துக்கொள்வதே இங்கே வழக்கமாகிவிட்டது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகும், வேலைக்குப் போகும் ஒரு பெண் சனிக்கிழமை மாலை அங்கே போய்த் திரும்புவது எளிதில்லை. போகும் வாய்ப்புக் கிடைத்தால், உரைகளை விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் பங்களிப்பு நாளுக்கு மட்டும் போங்கள்; ஸ்டிக்கரும் டீ-ஷர்ட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிற கூட்டத்தில் சேர வேண்டாம். அதைவிட, உங்கள் தோழிகள் இருவரோடு மாதம் ஒருமுறை ஒரு நூலகத்திலோ, கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்திலோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒருவர் மொழிபெயர்க்க மற்றவர் உரக்கப் படித்துப் பார்ப்பது நல்ல பலன் தரும். வடசென்னையின் படிப்பகங்களில் ஒருவர் செய்தித்தாளை வாய்விட்டுப் படிக்க நான்கு பேர் திருத்திய காலத்தை உங்கள் அப்பா பார்த்திருப்பார். அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பொத்தானில் உள்ள தமிழ் அவருக்குப் புரிகிறதா என்பதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியவில்லை.

முகவரி அறுந்த கதையை முதலில் பதிந்துவிடுங்கள். மொழிபெயர்ப்பில் முதல் வரிகள் திருப்பி அனுப்பப்பட்டால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். "கருத்துக்கள்" பற்றிய தகராறாக இருந்தால் மட்டும் நான் தொகுப்பாசிரியர் பக்கம்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து