கால் அறுவை முடிந்த நாயை இப்போதே அவிழ்த்துவிடாதீர்கள்

வணக்கம் அக்கா. முழங்கால் சவ்வு கிழிந்து, எலும்பை வெட்டி பிளேட் வைத்த நாய் இரண்டாவது வாரத்திலேயே சோபாவில் தாவுகிறது, கட்டினால் அழுகிறது என்கிறீர்கள். பாவம்தான், ஆனாலும் அவிழ்க்காதீர்கள்; வலி குறைந்ததால் துள்ளுகிறது, வெட்டிய எலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் உங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் வழுக்கினால் போச்சு, ரப்பர் பாய் விரியுங்கள். வெளிக்குப் போகும்போது மட்டும், வயிற்றுக்கடியில் துண்டை மடித்துக் கொடுத்து, பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தபடி மெதுவாக நடத்துங்கள். டர்பன் புழுக்கத்தில் தையலை நக்கி ஈரமாக்கினால் சீழ் பிடிக்கும், கழுத்துக் கூம்பை ராத்திரியும் கழற்றவேண்டாம். அப்புறம், டாக்டர் சொல்லாமல் பனடோ, புரூஃபன் என்று நாம் போடும் வலி மாத்திரை எதுவும் கொடுக்கவே கூடாது, ஈரலும் சிறுநீரகமும் கெட்டுவிடும். ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.