காலில் புது ரத்தக்குழாய் வளர்க்கும் ஜீன் ஊசி: கேட்டதும் சொன்னதும்

ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு ஜீன் ஊசி போட்டால் காலை எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் பக்கமிருந்து கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

சென்னிமலை: எங்க அய்யனுக்கு 68 வயசுங்க, 20 வருசமா சர்க்கரை. பெருவிரல் கறுத்துப்போச்சு, முழங்காலுக்குக் கீழ எடுக்கோணும்னு சொல்லிட்டாங்க. இந்த ஊசி இங்க எங்க கிடைக்கும்ங்க?

இந்தியாவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற ஜீன் மருந்து எதுவும் இல்லைங்க. ரஷ்யாவில் 2011-இல் நியோவாஸ்குல்ஜென் என்ற ஜீன் மருந்து வந்தது. ஜப்பானில் 2019-இல் கொலாட்டஜீன் என்ற மருந்துக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். 4 மில்லிகிராம் வயல் ஒன்று சுமார் 6 லட்சம் யென். முழு அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பத்தை 2024-இல் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது.

நீங்கள் இன்றைக்கே கேட்க வேண்டியது வேறு. "இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் டாப்ளரோ சி.டி. ஆஞ்சியோவோ (குழாய் எங்கே அடைச்சிருக்குன்னு காட்டும் ஸ்கேன்) எடுத்தாச்சுங்களா? அடைப்பைப் பலூனால் விரிச்சோ, மாற்றுக் குழாய் வெச்சு பைபாஸ் பண்ணியோ ரத்தத்தைக் கீழே இறக்க வழி இருக்குங்களா?" இதற்கு ரத்தக்குழாய் அறுவை டாக்டர் (வாஸ்குலர் சர்ஜன்) பதில் சொல்லாமல் முழங்காலுக்குக் கீழ் எடுக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். ரத்தத்தை இறக்க முடிந்தால் பல நேரம் விரலோடு போய்விடும். ஆனால் காய்ச்சல், சீழ், நாற்றம், மேலே ஏறும் சிவப்பு இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் அன்றே அட்மிட் செய்யுங்கள். அப்போது சீழை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

பல்லடம்: ஊசியில என்னதாங்க இருக்குது? நரம்புல போடுவாங்களா?

சதையில் போடுவார்கள். மருந்து என்பது பிளாஸ்மிட், அதாவது வட்டமான ஒரு துண்டு டி.என்.ஏ. வி.இ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்., எச்.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிப் புரதம் ஒன்றைச் செய்யும் குறிப்பு அதில் இருக்கும். சதை செல்லுக்குள் நுழைந்தால் செல் அந்தப் புரதத்தைக் கக்கும். பக்கத்து ரத்தக்குழாய்கள் கிளை விடும். நம் குரோமோசோமோடு அது பொதுவாக ஒட்டிக்கொள்வதில்லை, நாளடைவில் அழிந்துவிடும். பரம்பரைக்குப் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

எஃப்.ஜி.எஃப். ஜீனை வைத்து நடந்த பெரிய சோதனையில் தொடையிலும் கெண்டைக்காலிலுமாக 8 இடம், இடத்துக்கு 2.5 மில்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை போட்டார்கள்.

கோபி: தத்துவம் சரியாத்தானே இருக்குது, அப்புறம் ஏன் ஜெயிக்கலைங்க?

நல்ல கேள்வி. அதே எஃப்.ஜி.எஃப். மருந்தை முதலில் 125 பேரிடம் பார்த்தார்கள், 2008-இல் முடிவு வந்தது. காலை எடுப்பது பாதியாகக் குறைந்த மாதிரி தெரிந்தது. பிறகு 30 நாடுகளில் 525 பேரைச் சேர்த்து டமாரிஸ் என்ற சோதனை, 2011-இல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் பெரிய அளவில் கால் எடுத்தவர்களும் இறந்தவர்களும் மருந்து போட்ட பக்கம் 36 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட பக்கம் 33. பலனே இல்லை.

காரணம் ஒன்றல்ல. வெறும் பிளாஸ்மிட் செல்லுக்குள் நுழைவது மிகச் சொற்பம், புரதம் சுரப்பதும் கொஞ்ச நாள்தான். எலிக்கும் முயலுக்கும் நல்ல ரத்தக்குழாயை நூலால் கட்டிவிட்டுச் சோதித்தார்கள். அது இளம் பிராணி, சர்க்கரை கிடையாது. மனிதக் காலில் இருப்பதோ முப்பது வருடக் கொழுப்பும் சுண்ணாம்பும்.

எல்லாவற்றுக்கும் மேல், இந்த ஊசி வளர்ப்பது பெரும்பாலும் முடி போன்ற தந்துகிகளை. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும், அதனால் தந்துகி எத்தனை முளைத்தாலும் அடைபட்ட தொடைக் குழாய்க்கு ஈடாகாது. கீழ்பவானிக் கால்வாயில் மதகைத் திறக்காமல் கொப்பு வாய்க்காலை வெட்டிக்கொண்டே போனால் வயலுக்கு என்ன வரும்? அடைப்பைச் சுற்றிப் போகும் துணைக்குழாய்கள் தடிக்க, ரத்தம் வேகமாக உரசி ஓட வேண்டும். அந்த வேகம் வருவது மேலே அடைப்பை நீக்கினால், அல்லது நடந்தால்.

ஆகவே ஜீன் ஊசிக்கு இடம் இருந்தால் அது பலூனும் பைபாஸும் முடியாதவர்களுக்கு, அல்லது அவற்றுக்குத் துணையாக. அவற்றுக்குப் பதிலாக விற்பவரை நம்பாதீர்கள்.

பொள்ளாச்சி: அப்புச்சிக்கு ஏ.பி.ஐ. 1.47 வந்துச்சுங்க. ஒன்னுக்கு மேல இருந்தா நல்லதுன்னாங்க. ஆனா ராத்திரி வலி தாங்காம காலைக் கட்டில்லிருந்து தொங்கப் போட்டுக்கறாரு.

நல்லதில்லைங்க, ஏமாற்றும் எண். ஏ.பி.ஐ. என்பது கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வருவது. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு, 0.4-க்குக் கீழே மோசம். 1.4-ஐத் தாண்டினால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகியிருக்கிறது, அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் குழாய் மூடாது. கையில் 150, கணுக்காலில் 220 என்று வரும், ஆனால் விரலுக்கு ரத்தம் போயிருக்காது. சர்க்கரைக்காரர்களிடமும் கிட்னி கெட்டவர்களிடமும் இது சகஜம்.

பெருவிரலில் சின்னப் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். விரல் குழாயில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறாது. அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் கால் ஆபத்தில் இருக்கிறது. காலைத் தொங்கப்போட்டால் வலி குறைவதும் அதைத்தான் சொல்கிறது.

ஏ.பி.ஐ. எடுப்பதிலும் தப்பு நடக்கும். பத்து நிமிடம் படுக்க வைக்காமல், உட்கார்ந்தபடியே எடுத்தால் கணுக்கால் எண் ஏறிவிடும். இரண்டு கையிலும் பார்த்து, இரண்டில் அதிகமானதை எடுக்க வேண்டும். காலில் புறங்கால், உள்கணுக்கால் இரண்டு இடத்திலும் டாப்ளர் வைக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் போதாது.

சோமனூர்: தறி ஓட்டறேன், 34 வயசு. சர்க்கரை இல்லீங்க, பீடி உண்டு. பர்ஜர் நோய்ன்னு சொல்லி ஸ்டெம்செல் போடலாம்ங்கறாங்க.

பர்ஜர் என்பது புகையிலையால் கை கால் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோய். ஸ்டெம்செல் என்பது ஜீன் மருந்து அல்ல, செல் மருந்து. பெங்களூருவில் தயாராகும் ஸ்டெம்பியூசெல் 2016-இல் பர்ஜர் நோய்க்கு வரம்போடும், 2020-இல் முழுமையாகவும் இந்திய அனுமதி பெற்றது. தானம் தந்த பலரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல். உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல் என்று கணக்கு, 60 கிலோ ஆளுக்கு 12 கோடி செல். கெண்டைக்காலில் பல இடத்தில் குத்துவார்கள்.

ஆனால் பீடி பற்றவைத்தால் எந்த ஊசியின் பலனும் நிற்காது. ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு என்றாலும் நோய் ஓடிக்கொண்டே இருக்கும். ஹான்ஸ், வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதே கணக்கு. நிகோடின் சூயிங்கம் வேண்டாம், அதுவும் நிகோடின்தான்; புகையை விட உதவும் புப்ரோபியான், வாரெனிக்ளின் மாத்திரைகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். விரல் அழுகுமுன் அடியோடு விட்டவர்களில் கால் இழப்பவர்கள் மிகக் குறைவு.

கரூர்: கோயமுத்தூர்ல ஒரு இடத்துல சோதனைன்னு சொல்லி லட்சக்கணக்குல கேக்கறாங்க.

சோதனை என்றால் சோதனை மருந்துக்குக் காசு வாங்கக்கூடாது. சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண், நெறிமுறைக் குழு ஒப்புதல், தமிழில் அச்சடித்த ஒப்புதல் படிவம் மூன்றையும் கேளுங்கள். பக்கவிளைவு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது படிவத்திலேயே இருக்க வேண்டும். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவிநாசி: அம்மாயிக்கு முன்னாடி மார்புப் புற்றுநோய் வந்து குணமாச்சு. போடலாமுங்களா?

பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். கட்டியும் புது ரத்தக்குழாயைத்தான் தேடும். விழித்திரையில் புதுக்குழாய் முளைத்த சர்க்கரை நோயாளிக்கும் அதே தடை. வி.இ.ஜி.எஃப். போட்ட காலில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு.

தாராபுரம்: அப்படின்னா ஊசி இல்லாம என்ன பண்றதுங்க? நடந்தா கெண்டைக்கால் புடிச்சுக்குது, உக்காந்தா விட்டுருது.

புண் இல்லை, ராத்திரி வலி இல்லை என்றால் நடைதான் மருந்து. வலி நன்றாக ஏறும்வரை நடங்கள், நின்று வலி போனதும் மறுபடி. ஓய்வையும் சேர்த்து 30 முதல் 50 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். முதல் மாதத்தில் வித்தியாசம் தெரியாமல் விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெலும் டாக்டர் சொன்னபடி. வலியில்லாமல் நடக்கும் தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசால் 100 மில்லிகிராம் இருவேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ இரண்டு மணி பின்போ; இதய பலவீனம் இருந்தால் தொடவே கூடாது.

மரத்த காலுக்குச் சுடுதண்ணி, மணல் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்து புண்ணாகும், ரத்தம் இல்லாத இடத்தில் அது ஆறாது. மஞ்சள் வயலானாலும் மாட்டுக் கொட்டகையானாலும் செருப்போடு போங்கள். போடுமுன் செருப்புக்குள் கையை விட்டுக் கல், முள் பாருங்கள்.