பத்மராகமும் பாட்டில் கண்ணாடியும்

பொருள் வாங்கி ஏமாந்தவர்களும் ஏமாறப் பயப்படுபவர்களும் கேள்வி கேட்கும் இந்தப் பகுதியில், போன முறை ராசிக்கல் மோதிரம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன் விளைவு, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல் பற்றியவை. மிக்சி, தண்ணீர் மோட்டார் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். வழக்கம்போல் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: கடற்கரையில் என் மகன் வழவழப்பான பச்சைக் கல் ஒன்றைக் கண்டெடுத்தான். வெயிலில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது. மரகதமாக இருக்குமா? (உச்சிப்புளி)

பதில்: சோடா பாட்டில். அலை பல வருடம் உருட்டித் தேய்த்திருக்கிறது. மகனிடமே இருக்கட்டும், அழகான பொருள்தான்.

கேள்வி: என் கணவர் சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில், மகள் கல்யாணத்துக்கு உதவும் என்று, தூரத்து உறவினர் அழைத்துவந்த கல் வியாபாரியிடம் இலங்கைப் பத்மராகம் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினோம். சூடுகூடக் காட்டாத கல் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார். பணம் வங்கி வழியாகத்தான் போனது, பில் தரவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பியதில், பெரிலியம் என்ற தனிமத்தைச் செலுத்தி நிறம் ஏற்றிய சபையர் என்று அறிக்கை வந்திருக்கிறது. கேட்டால், “எனக்கும் அப்படித்தான் வந்தது” என்கிறார். உறவு கெட்டுவிடும், பேசாமல் இரு என்கிறார்கள் வீட்டில். (கீழக்கரை வாசகி)

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசியில் “என் முட்டாள்தனம்” என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் வெட்டிவிட்டேன். கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தவர் முட்டாள் இல்லை.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊர் வழக்கில் பத்மராகம் என்பது மாணிக்கத்தில் ஒரு வகை. உலகச் சந்தையில் பத்பரட்ஷா என்று விற்பது வேறு: இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகக் கலந்த சபையர், அதாவது நம் நீலக்கல்லின் இனம். தாமரையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர். சேகரிப்பாளர்கள் ஆயுள் முழுக்கத் தேடும் கற்களில் ஒன்று. அதனால்தான் வெளிர்நிறச் சபையரை உலையில் வைத்து, உருகும் நிலைக்குச் சற்று கீழே வரை சூடாக்கி, பெரிலியத்தை உள்ளே ஏற்றி ஆரஞ்சாக்குகிறார்கள். 2001, 2002 வாக்கில் தாய்லாந்து உலைகளிலிருந்து இப்படிப்பட்ட கற்கள் கொட்டியபோது, ஆரஞ்சுக் கல் திடீரென்று இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் எழும் வரை பெரிய வணிகர்களே ஏமாந்தார்கள். கண்ணால் பார்த்து உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது.

இனி செய்ய வேண்டியது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அந்தப் போனை மாற்றவும் வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம், ஆய்வக அறிக்கை, கல், மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கல்லை அவர் “பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று கேட்டால் கொடுக்காதீர்கள். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம்: இன்ன தேதி, இன்ன தொகை, இன்னது என்று சொல்லி விற்றது, அறிக்கை சொல்வது இது, 15 நாளில் பணத்தைத் திருப்புங்கள். பதில் இல்லையென்றால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. கல் விற்பதே அவர் தொழில் என்பதைக் காட்டுங்கள். அவர் வேறு யாருக்காவது விற்றிருந்தால் அவர்களையும் தேடிப் பிடியுங்கள். தெரிந்தே ஏமாற்றினார் என்றால் காவல் நிலையமும் உண்டு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிடுங்கள்.

உறவு கெடும் என்பவர்களிடம், உறவைக் காப்பாற்ற அந்த 3,40,000 ரூபாயை அவர்கள் தருகிறார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: ஜோதிடர் எனக்குக் கனக புஷ்பராகம் அணியச் சொன்னார். அவர் சொல்லும் கடையில் வாங்கினால்தான் பலிக்கும் என்கிறார். (தேவிபட்டினம்)

பதில்: யாருக்குப் பலிக்கும் என்று சொன்னாரா?

கேள்வி: இணைய நேரலை ஏலத்தில் 5 கேரட் பராய்பா டூர்மலின் 18,000 ரூபாய்க்கு எடுத்தேன். வந்த கல்லைப் பத்தர் ஊசியால் கீறியதும் கோடு விழுந்தது. விற்றவரின் இணையக் கணக்கையே இப்போது காணவில்லை. மூன்று வாரம் ஆகிறது. (இராமநாதபுரம்)

பதில்: விற்றவர் முகவரி தெரியாது. பில் இல்லை. அறிக்கை கேட்கவில்லை. இத்தனையும் தெரிந்தேதான் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். ஏலத்தில் இன்னொருவர் முந்திவிடுவார் என்ற அவசரம். அந்த இன்னொருவர் பெரும்பாலும் விற்பவரின் ஆளாகத்தான் இருப்பார்.

பராய்பா என்பது பிரேசிலில் ஒரு மாநிலம். 1980களின் இறுதியில் அங்கே கிடைத்த டூர்மலினில் செம்பு கலந்திருந்ததால், உள்ளே மின்விளக்கு எரிவது போன்ற நீலப்பச்சை. பிறகு நைஜீரியாவிலும் மொசாம்பிக்கிலும் அதே வகைக் கல் கிடைத்தது. விலை மட்டும் இறங்கவில்லை. கேரட் 3,600 ரூபாய்க்கு நல்ல பராய்பா வருமென்றால் நானும் இரண்டு எடுத்திருப்பேன். உங்களுடையது கண்ணாடியாகவோ, அப்படைட் என்ற மெதுவான கல்லாகவோ இருக்கலாம். இரண்டும் ஊசிக்குப் பணிந்துவிடும், டூர்மலின் பணியாது.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் நாளே அழைத்திருந்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருந்தது. மூன்று வாரம் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிட்டேன்.

கேள்வி: மோதிரத்தில் 916 முத்திரை இருக்கிறது. அப்படியானால் கல்லும் அசல்தானே? (பெரியபட்டினம்)

பதில்: இல்லை. முத்திரை தங்கத்துக்கு மட்டும். கல் கண்ணாடியாக இருந்தாலும் முத்திரை அதேதான். நீங்கள் கேட்காத இன்னொன்றையும் பாருங்கள்: பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக எழுதியிருக்கிறதா? கல் எடையைக் கழிக்காமல் விட்டிருந்தால், கல்லைத் தங்க விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

கேள்வி: நிறம் மாறும் அலெக்சாண்டிரைட், 4 கேரட், 60,000 ரூபாய். கடையில் மாறுவதைக் காட்டினார்கள். வாங்கலாமா? (மண்டபம்)

பதில்: இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, என் மேசை இழுப்பறையில் ஒன்று கிடக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முன், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன். கல்யாண வீடுகளில் ஜன்னலோரம் ஒரு தடவை, குண்டு பல்பின் கீழ் ஒரு தடவை என்று கையை நீட்டி நீட்டிக் காட்டியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் மதுரையில் கல் பார்ப்பவர் ஒருவர் லென்சை வைத்தார், எடுத்தார். “செயற்கைக் குருந்தம், வனேடியம் சேர்த்தது” என்றார். குருந்தம் என்றால் மாணிக்கமும் நீலமும் சேர்ந்த இனம்; நிறம் மாறியது வனேடியம் என்ற உலோகத்தின் வேலை. என் மனைவி எதுவும் சொல்லவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

அசல் அலெக்சாண்டிரைட் 1830களில் ரஷ்யாவின் யூரல் மலையில் கண்டெடுக்கப்பட்டது; வைடூரியத்தின் குடும்பம். பகலில் பச்சை, விளக்கொளியில் சிவப்பு. என்னுடையதைப் போன்ற போலி சாம்பல் நீலத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். கடைகளில் இருக்கும் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் எதுவும் விளங்காது. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள், பிறகு ஓர் அகல் விளக்கின் முன் பாருங்கள். அதில் தேறினாலும் வாங்கிவிடாதீர்கள்: ஆய்வகத்தில் வளர்த்த அலெக்சாண்டிரைட்டும் பச்சை, சிவப்பு என்று பிசகாமல் மாறும். நன்றாக நிறம் மாறும் 4 கேரட் அசல் கல் ஒரு கேரட்டே லட்சங்களில் போகும். 60,000 என்பதே உங்களுக்கான பதில்.

கேள்வி: “நூறு சதவீதம் இயற்கை மாணிக்கம்” என்று கடையில் அட்டை கொடுத்தார்கள். மோதிரம் இறுக்கமாக இருந்ததால் பத்தரிடம் பெரிதாக்கக் கொடுத்தேன். நெருப்புப் பட்டதும் கல் முழுக்கச் சிலந்திவலை மாதிரி ஆகிவிட்டது. பத்தர் மேல் புகார் கொடுக்கலாமா? (ஏர்வாடி)

பதில்: பத்தரை விட்டுவிடுங்கள். கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்திருக்கலாம், அவ்வளவுதான் அவர் குற்றம். அந்த அட்டை இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச எனக்கு வெகுநாளாக ஆசை.

2004 வாக்கிலிருந்து சந்தையில் ஒரு சரக்கு ஓடுகிறது. விரிசல் மண்டிய மட்டமான மாணிக்கத்தை எடுத்து, விரிசலுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றுகிறார்கள். அதுவரை காலணாவுக்குப் போகாத கல், தெளிந்து, சிவந்து, மாப்பிள்ளை மாதிரி நிற்கும். பத்தரின் ஊதுகுழல் நெருப்புப் பட்டால் கண்ணாடி போய்விடும். அமிலம் ஆகாது. எலுமிச்சைச் சாறே போதும், மேற்பரப்பில் இருக்கும் கண்ணாடியை அரித்துவிடும். மீன் கழுவிய கையில் வாடை போக எலுமிச்சை தேய்க்கிற ஊர் இது. இந்த மோதிரத்தோடு சமையலறைக்குள் போக முடியுமா?

இப்போது அட்டைக்கு வாருங்கள். இயற்கை மாணிக்கம் என்று போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் மாணிக்கம் மண்ணில் விளைந்ததுதான், கேட்டால் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஊற்றிய கண்ணாடியைப் பற்றி அட்டை வாய் திறக்காது. நூறு சதவீதம் என்பது எதில் நூறு? ஒட்டுமொத்தக் கல் வியாபாரமும் இந்த மௌனத்தில்தான் கொழுக்கிறது. நீலத்தைச் சூடாக்குவார்கள், மரகதத்துக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். இரண்டும் காலங்காலமாக நடப்பவை, சொல்லி விற்றால் தவறே இல்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு.

கடையே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை அறிக்கை ஆகாது. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடுகிற வாத்தியார் கதை அது. விற்பனையில் பங்கில்லாத ஆய்வகத்தின் அறிக்கையில் கல்லின் இனம், எடை, அளவு, இயற்கையா செயற்கையா, என்ன பக்குவம் செய்யப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம். அமெரிக்காவின் ஜிஐஏ போன்ற ஆய்வகங்கள் அறிக்கையில் விலை போடுவதில்லை. ஆகவே 20,000 ரூபாய்க் கல்லோடு “மதிப்பு 2 லட்சம்” என்று அச்சிட்ட பளபளப்பான அட்டை வந்தால் சந்தேகப்படுங்கள்.

உங்கள் கடைக்காரரிடம் அட்டையோடு போங்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பலகையைக் காட்டுவார். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். கடிதத்தில் நீங்கள் எழுதிய தேதிப்படி, வாங்கி 19 நாள்தான் ஆகிறது. இன்றே போங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் ஒருவர் வெள்ளைப் பவளக் கொத்து தருகிறேன் என்றார். வீட்டு அலங்காரத்துக்கு வாங்கலாமா? (மதுரை)

பதில்: கூடாது. அது நம் கடலின் பவளப்பாறை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மோதிரத்தில் வைக்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலிலும் ஜப்பான் பக்கமும் விளைவது, மன்னார் வளைகுடாவில் அல்ல. “இங்கேயே எடுத்த செம்பவளம்” என்று யாராவது நீட்டினால் அது பெரும்பாலும் சாயம் ஏற்றியது, இல்லையென்றால் பிளாஸ்டிக்.

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்கு டான்சனைட் மோதிரம் வந்தது. தினமும் போடலாமா? நான் கடற்கரைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. (பாம்பன்)

பதில்: வேண்டாம். 1967-ல் தான்சானியாவில், கிளிமஞ்சாரோவுக்குப் பக்கத்தில் கண்டெடுத்த கல், அழகில் குறையில்லை. ஆனால் கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 6-லிருந்து 7-க்குள். உங்கள் மைதானத்து மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மணல் ஜெயிக்கும். விசேஷங்களுக்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி: பாட்டியின் பதக்கத்தில் பெரிய சிவப்புக் கல். பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். வியாபாரி ஒருவர், இது மாணிக்கம் இல்லை ஸ்பினல், 2,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். (தொண்டி)

பதில்: ஸ்பினல் என்பது மாணிக்கம் போலச் சிவந்தும் வரும் வேறொரு இயற்கைக் கல். ஸ்பினல் என்று அவரே சொல்லிவிட்டாரென்றால் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் அரச கிரீடத்தில் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்று பெயர் பெற்ற கல்லே ஸ்பினல்தான். நல்ல பர்மா ஸ்பினலுக்கு இன்று ஆலாய்ப் பறக்கிறார்கள். அதே சமயம், பழைய நகை என்பதால் கல் அசல் என்று நினைக்கவும் வேண்டாம். 1902-லேயே செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் அறிவித்துவிட்டார். உங்கள் பாட்டி பிறக்கும் முன்பே போலி பிறந்துவிட்டது. பதக்கத்தை உடைக்காமல் அப்படியே சோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி: நாகரத்தினம் ஒன்று விலைக்கு வருகிறது. முன்பணம் 50,000 கேட்கிறார்கள். (ஊர் வேண்டாம்)

பதில்: பாம்புக்குள் கல் கிடையாது. முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால் அடுத்த கடிதத்தைக் காவல் நிலையத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: பாட்டனாருக்குக் கொழும்பில் கடை இருந்தது. அவர் விட்டுச்சென்ற பொட்டலத்தில் 40, 50 சிறு வண்ணக் கற்கள். வெளிர் ஊதாவில்கூட ஒன்று உண்டு. வியாபாரி மொத்தமாக 8,000 என்கிறார். தள்ளிவிடலாமா? (கீழக்கரை)

பதில்: 1945-ல் டப்ளினில் ரிச்சர்ட் டாஃப் என்பவர் ஒரு நகைக்கடையில் பழைய கற்கள் நிறைந்த பெட்டி ஒன்றை வாங்கினார். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வந்தவருக்கு வெளிர் ஊதா ஸ்பினல் ஒன்று உறுத்தியது. ஸ்பினலுக்குள் பார்த்தால் கோடுகள் ஒற்றையாகத் தெரிய வேண்டும். இதில் இரட்டையாகத் தெரிந்தன. லண்டன் ஆய்வகத்துக்கு அனுப்பினார். உலகம் அதுவரை அறியாத கனிமம் என்று முடிவு வந்தது. இன்று அதற்கு டாஃபைட் என்று பெயர். அரிய கற்களைத் தேடுவோர் பட்டியலில் முன்வரிசை. பிறகு அது கிடைத்த இடங்களில் முக்கியமானது இலங்கை.

உங்கள் பொட்டலத்தில் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் சாதாரண ஸ்பினலும் கார்னெட்டும்தான் இருக்கும். ஆனால் 8,000-க்குக் கேட்பவர் பொட்டலத்தை எத்தனை நேரம் கிளறினார், எதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஐம்பதையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் கட்டணம் கட்டுபடியாகாது. லென்ஸ் வைத்திருக்கும் நம்பகமான ஒருவரிடம் பிரித்துக்கொண்டு, நான்கைந்தை மட்டும் அனுப்புங்கள். அந்த ஊதாவை முதலில் அனுப்புங்கள்.