புருஷன் கையெழுத்து போதுமா? கிருஷ்ணகிரி சிஸ்டருக்குப் பதில்

போதாது சிஸ்டர். சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்ய மாமியார் கேட்கிறார், கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அந்தப் பெண் பேசவே இல்லை என்கிறீர்கள். 18 வயது முடிந்து சுயநினைவோடு இருப்பவருக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். 2008-ல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த நோயாளிக்காக அவர் தாய் கொடுத்த சம்மதத்தையே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து தேவையே இல்லை.

பேசாததற்குக் காரணம் மொழியாக இருக்கலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமென்றால் பல வீடுகளில் கன்னடமோ தெலுங்கோதான். நாம் தமிழில் கேட்போம், கணவர் பதில் சொல்வார், அந்தப் பெண் தலையாட்டுவார். அதையே சம்மதமென்று எழுதிவிடுகிறோம்.

1. மாமியாரை டீ வாங்கிவர அனுப்புங்கள். (வேறு வழியில் நகர மாட்டார்!)
2. அந்தப் பெண்ணின் மொழி தெரிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவரை வைத்து, "இதைப் பண்ணினா அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "இனி குழந்தை பிறக்காது" என்று அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும்.
3. சொன்னதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதி, தியேட்டருக்குப் போகுமுன் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி உச்சத்திலோ மயக்க மருந்து கொடுத்த பிறகோ கேட்காதீர்கள். உயிரைக் காக்கும் அவசர சிகிச்சைக்குச் சட்டம் வேறு. கருத்தடை அந்தக் கணக்கில் வராது.