ஏன்? எப்படி? : நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது

புவியீர்ப்பு பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். ஒரு பத்து ரூபாய் நாணயம், காலி தண்ணீர் பாட்டில், நூல், இரும்பு நட்டு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நியூட்டனின் தலையில் ஆப்பிள் விழுந்ததால்தான் புவியீர்ப்பைக் கண்டுபிடித்தாராமே? அதற்கு முன்னால் பொருள்கள் கீழே விழும் என்று யாருக்கும் தெரியாதா?
(6-ஆம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்)

தலையில் விழவில்லை. அது பின்னால் ஒட்டவைத்த கதை. ஆனால் ஆப்பிள் உண்மை. 1665-இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடியதும், நியூட்டன் உல்ஸ்தோர்ப் என்ற தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். வயது 22. அங்கே ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசிக்கத் தொடங்கியதாக, 83 வயதில், வில்லியம் ஸ்டக்லி என்ற நண்பரிடம் அவரே சொன்னார். அப்போதும் இருவரும் ஆப்பிள் மர நிழலில் உட்கார்ந்துதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கைவிட்டால் கல் கீழே விழும் என்பதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. ஆனால் பூமிக்கு ஒரு சட்டம், வானத்துக்கு வேறு சட்டம் என்றுதான் ஐரோப்பாவில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். நியூட்டனின் யோசனை வேறு பக்கம் போனது. ஆப்பிளை இழுக்கும் விசை மரத்தின் உச்சிவரை எட்டுகிறது, மலை உச்சியிலும் இருக்கிறது. அது நிலாவரை எட்டினால்?

எட்டினால் கணக்கில் தெரிந்தாக வேண்டும். பூமியின் மையத்திலிருந்து நாம் ஓர் ஆரம் தூரத்தில் நிற்கிறோம். நிலா ஏறத்தாழ 60 ஆரம் தூரத்தில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று என்று குறைவதாக வைத்துக்கொண்டால், நிலா இருக்கும் இடத்தில் அது 60 × 60, அதாவது 3,600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். கிளையிலிருந்து விடுபட்ட ஆப்பிள் முதல் வினாடியில் 4.9 மீட்டர் விழும். அதை 3,600-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிலாவின் பாதை ஒரு வினாடியில் நேர்கோட்டிலிருந்து பூமியின் பக்கம் எவ்வளவு வளைகிறது என்று தனியாகக் கணக்கிட்டாலும் அதே 1.4 மில்லிமீட்டர்தான் வருகிறது!

ஆக, நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஒரு வினாடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடியும் விடுகிறது. அதனால் பூமிமேல் மோதாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

இதையெல்லாம் நியூட்டன் உடனே வெளியிடவில்லை. 1684-இல் வானியலர் எட்மண்ட் ஹேலி தேடி வந்து, இப்படிக் குறையும் விசை இருந்தால் கோளின் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டார். நீள்வட்டம், கணக்குப் போட்டுவிட்டேன் என்றார் நியூட்டன். ஆனால் அந்தத் தாளைத் தேடினால் கிடைக்கவில்லை! மறுபடி எழுத உட்கார்ந்தது வளர்ந்து, 1687-இல் 'பிரின்சிபியா' என்ற நூலாக வந்தது. அதை அச்சிட வேண்டிய ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம், கையிலிருந்த பணத்தை மீன்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் போட்டு முடக்கியிருந்தது. அச்சுச் செலவை ஹேலிதான் தன் கையிலிருந்து கொடுத்தார்.

நம் பாஸ்கராச்சாரியார் முன்பே சொல்லிவிட்டார் என்கிறார்களே?
(ஒரு மாணவியின் தந்தை, சேலம்)

பூமிக்கு ஈர்க்கும் ஆற்றல் உண்டு, கனமான பொருள்களை அது தன்பக்கம் இழுக்கிறது என்று 1150-இல் 'சித்தாந்த சிரோமணி' என்ற நூலில் அவர் எழுதியிருப்பது உண்மை. மகளுக்குத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். தூரத்தோடு விசை எந்த அளவில் குறைகிறது, ஆப்பிளும் பூமியை இழுக்கிறதா, நிலாவின் ஓட்டமும் அதே விசையால்தானா ஆகிய மூன்றும் அதில் இல்லை. நியூட்டன் சேர்த்தது அந்த மூன்றையும்தான்.

கனமான பொருள்தானே முதலில் விழும்? காகிதம் மெதுவாகத்தானே விழுகிறது?
(5-ஆம் வகுப்பு மாணவி, யாழ்ப்பாணம்)

காகிதத்தைத் தாமதப்படுத்துவது காற்று. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டமாகக் காகிதத்தை வெட்டி, நாணயத்தின் மேல் படிய வையுங்கள். நாணயம் கிடைமட்டமாக இருக்கும்படி விளிம்பைப் பிடித்து, தலை உயரத்திலிருந்து விடுங்கள். இரண்டும் சேர்ந்தே தரைக்கு வரும். நாணயம் காற்றை விலக்கிக் கொடுப்பதால் காகிதத்துக்குத் தடை இல்லை. காகிதம் விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் காற்று புகுந்து பிரித்துவிடும். நாணயம் சுழன்றாலும் அப்படியே. நாலைந்து தடவை முயன்றால் கை பழகிவிடும்.

கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுப்பது சரிதான். ஆனால் அதை நகர்த்தவும் அதே அளவுக்கு அதிக விசை வேண்டும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலாவில் 1.3 கிலோ சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே வீரர்கள் மிதக்கிறார்கள்?
(8-ஆம் வகுப்பு மாணவர், மதுரை)

பெரியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தப்பு. நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையம் ஒரு வினாடியில் 4 மீட்டருக்கு மேல் பூமியை நோக்கி விழுகிறது. அதே வினாடியில் 7.7 கிலோமீட்டர் முன்னால் ஓடுகிறது. நிலாவின் கதைதான். உள்ளே இருக்கும் வீரர், பேனா, தண்ணீர்த்துளி எல்லாம் நிலையத்தோடு ஒரே வேகத்தில் விழுவதால் எதுவும் எதன்மேலும் அழுந்துவதில்லை. அதைத்தான் மிதப்பதாகப் பார்க்கிறோம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓர் ஓட்டை. (ஆணியைச் சுடவைத்துக் குத்தும் வேலை பெரியவர்களுடையது.) ஓட்டையை விரலால் மூடி, தண்ணீர் நிரப்புங்கள். மூடி போடக் கூடாது; போட்டால் மேலிருந்து காற்று போகாமல் தண்ணீர் தானே நின்றுவிடும், அப்புறம் சோதனைக்கு அர்த்தமில்லை. விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். அப்படியே கைவிடுங்கள். விழுந்துகொண்டிருக்கும்போது ஓட்டையிலிருந்து தண்ணீர் வராது! முதல் மாடியிலிருந்து 3 மீட்டர் விழ முக்கால் வினாடிதான் ஆகும் என்பதால், கீழே ஒருவர் தள்ளி நின்று கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும்.

நிலாவில் மளிகைக்கடை வைத்தால் 6 கிலோ அரிசி 1 கிலோ ஆகிவிடுமா?
(7-ஆம் வகுப்பு மாணவி, கோயம்புத்தூர்)

தராசைப் பொறுத்தது. சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் முள் 1 கிலோவில் நிற்கும். இரண்டு தட்டுத் தராசில் வைத்தால் 6 கிலோதான், ஏனென்றால் படிக்கல்லின் எடையும் ஆறில் ஒன்றாகியிருக்கும். சோறும் அதே அளவுதான் வரும்.

புவியீர்ப்பை வீட்டிலேயே அளக்க முடியுமா?
(9-ஆம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்)

ஊசல் போதும். இழுத்தால் நீளாத நூலில் இரும்பு நட்டைக் கட்டுங்கள். தொங்கும் இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதிவரை சரியாக 1 மீட்டர் இருக்கட்டும். நூலை ஜன்னல் கம்பியில் சுற்றிக் கட்டாதீர்கள். ஆடும்போது கம்பியில் உருண்டு நீளம் மாறும். துணி கிளிப்பில் கவ்வவைத்து, கிளிப்பை அசையாமல் கட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நட்டை 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் இழுத்து, தள்ளாமல் விடுங்கள். போய்த் திரும்பினால் ஓர் அலைவு. இருபது அலைவுக்கு எத்தனை வினாடி என்று பாருங்கள். 40-க்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதை 20-ஆல் வகுத்தால் ஓர் அலைவு நேரம். நீளத்தை (மீட்டரில்) 39.48-ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 9.8-க்குப் பக்கத்தில் கிடைக்கும். அதுதான் புவியீர்ப்பின் அளவு: விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது.

10.8 வந்தால் எண்ணுவதில் பிசகு. கடிகாரத்தை அழுத்தும்போது 'ஒன்று' என்று தொடங்கியிருப்பீர்கள். 'பூஜ்யம்' என்று தொடங்க வேண்டும். இருபது என்று நினைத்தது உண்மையில் பத்தொன்பது. 9.6 வந்தால் நட்டின் நடுவரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்தியிருக்கலாம். நட்டு கோடியில் திரும்பும்போது நேரம் பார்க்காதீர்கள். அங்கே அது தயங்கி நிற்கும். நடுவில் வேகமாகக் கடக்கும் நொடியைக் குறியுங்கள்.

இந்தச் சோதனைக்குப் பெரிய வரலாறு உண்டு. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது தினமும் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைத்த பிறகே சரியானது. பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு குறைவு என்று நியூட்டன் இதற்கு விளக்கம் சொன்னார். நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83.

நாகர்கோவிலில் இருப்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த மாபெரும் பகுதி ஒன்று இருக்கிறது. பூமியை நடுவில் புடைத்த சீரான உருண்டையாக வைத்துக் கணக்கிட்ட மட்டத்தைவிட அங்கே கடல் 106 மீட்டர்வரை தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்குப் பள்ளத்தில் இறங்குவதாகத் தோன்றாது. தண்ணீர் நிற்பதுதானே மட்டம்!

எல்லாப் பொருளும் ஈர்க்கும் என்றால் நானும் என் தோழியும் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை?
(4-ஆம் வகுப்பு மாணவி, புதுச்சேரி)

ஈர்க்கிறீர்கள்தான். ஆளுக்கு 40 கிலோ இருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், அந்த இழுப்பு ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்குள்ள தூசியின் எடைக்குச் சமம். செருப்பின் உராய்வே அதைத் தோற்கடித்துவிடும்.

இவ்வளவு சின்ன விசையையும் 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி லண்டனில் அளந்துவிட்டார். 1.8 மீட்டர் நீளக் கட்டையின் இரு முனையிலும் 0.73 கிலோ ஈயக் குண்டுகள். கட்டையை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் 158 கிலோ ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்தார். கட்டை லேசாகத் திரும்பியது. அறைக்குள் போனால் உடல் சூட்டில் காற்று அசையும் என்பதால், வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தார். குண்டுகளின் இழுப்பைப் பூமியின் இழுப்போடு ஒப்பிட்டதில், பூமி நீரைவிட 5.48 மடங்கு அடர்த்தி என்பது அவர் கண்ட விடை. இன்றைய மதிப்பு 5.51.

ஈர்ப்பைத் தடுக்கும் தகடு உண்டா?
(6-ஆம் வகுப்பு மாணவர், திருச்சி)

இல்லை.

சரி, ஏன்தான் ஈர்க்கிறது?
(8-ஆம் வகுப்பு மாணவி, கொழும்பு)

நியூட்டனிடம் கேட்டார்கள். காரணத்தை ஊகித்துச் சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டார். 1915-இல் ஐன்ஸ்டைன் வேறு விதமாகப் பார்த்தார்: நிறை தன்னைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது, அந்த வளைவில் போவதையே விழுவதாகக் காண்கிறோம். காலமும் வளைவதால் ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும். உங்கள் கைபேசி வரைபடத்துக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் துணைக்கோள்களின் கடிகாரங்கள் இதனால் தினமும் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 45 பங்கு முந்துகின்றன. வேகமாகப் பறப்பதால் 7 பங்கு பிந்துகின்றன. மிஞ்சும் 38 பங்கைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் இடம் காட்டுவதில் 10 கிலோமீட்டர்போலப் பிழை சேர்ந்துவிடும்.